உதடு அசைகிற வரை

இக்னேஷியஸ் காலை ஐந்தரைக்கு பஸ்ஸை எடுக்கிறபோது அன்றைய வேலையில் பாதியை முடித்திருப்பார். முந்தின இரவு பத்து மணிக்கு மனைவி தெரசாவை இடது பக்கம் சாய்த்துப் படுக்க வைக்க வேண்டும். பன்னிரண்டுக்கு மல்லாக்க. இரண்டுக்கு வலது பக்கம். நாலு மணிக்குத் துணி மாற்றி, முதுகைத் துடைத்து, ஈரம் இல்லாமல் ஒற்றி எடுத்து, மறுபடி இடது பக்கம். ஒவ்வொன்றுக்கும் அலாரம் வைத்திருந்தார். இரண்டு அலாரத்துக்கு நடுவே கிடைத்ததைத் தூக்கம் என்று சொல்ல முடியாது. அடுத்த அலாரம் அடித்துவிடுமோ என்று படுத்திருப்பதுதான்.

தெரசாவுக்கு 1990 மார்ச்சில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் தடித்துப் போனதே தவிர, புத்தி தெளிவாகத்தான் இருந்தது. முதல் இரண்டு மாதம் அவளைத் திருப்பிப் போட வேண்டும் என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதுகுத்தண்டின் அடியில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் புண் வந்தது. அது ஆற ஐந்து மாதம் ஆயிற்று. கட்டுப் போட வந்த நர்ஸ் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "மருந்த நம்பாதீங்க, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திருப்புங்க." அன்றிலிருந்து அவர் ஒரு இரவுகூடத் தவறவிட்டதில்லை. புண்ணும் திரும்ப வரவில்லை. ஒரே மகள் தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வந்து ஒரு மாதம் இருந்துவிட்டுப் போனாள். அவளுக்கும் கைக்குழந்தை.

பகலில் பார்த்துக்கொள்ள எல்லம்மா இருந்தாள். வெள்ளானூரிலேயே பரம்பரையாகப் பயிர் வைத்த குடும்பம். நிலத்தில் பெரும்பகுதி மனையாகிவிட்டது. மிச்சமிருந்த கால் காணியில் அவள் புருஷன் வீரராகவன் கீரை போட்டு, விடிந்ததும் சைக்கிளில் கட்டி ஆவடி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். எல்லம்மா ஐந்தேகாலுக்கு வந்துவிடுவாள். அவள் தலை தெரிந்ததும் இக்னேஷியஸ் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார்.

பஸ் மாதா கோயில் மைதானத்தில் நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்விசிறிக்குத் தகட்டுப் பாகங்கள் அடிக்கிற ஒரு கம்பெனியின் பஸ் அது. வெள்ளானூரில் கிளம்பி, ஆவடி, திருமுல்லைவாயில் வழியாக ஆள் ஏற்றிக்கொண்டு, முதல் ஷிப்ட் மணி அடிப்பதற்குள் கேட்டில் சேர்க்க வேண்டும். ஐம்பது நிமிடப் பயணம். நாற்பது சொச்சம் பேர், முக்கால்வாசி பெண்கள்.

தெரசா விழுந்த வாரத்தில் இக்னேஷியஸ் மாதாவுக்கு ஒரு நேர்த்தி செய்துகொண்டார்: தினமும் ஒரு ஜெபமாலை, விடாமல். வீட்டில் அதற்கு நேரம் இல்லை. முழங்கால் போட்டால் அப்படியே சாய்ந்துவிடுவார். ஆகவே பஸ்ஸில் சொன்னார். மணிகளைத் தொடுவது கிடையாது. ஸ்டியரிங்கில் இருந்த விரல்களாலேயே எண்ணிக்கொள்வார். ஏரிக்கரை வளைவு வரும்போது முதல் பத்து முடியும். ஆவடி மார்க்கெட்டில் மூன்றாவது பத்து. திருமுல்லைவாயில் தாண்டினால் ஐந்தாவது. தூரத்தை அவர் கிலோமீட்டரில் கணக்கு வைப்பதை விட்டு வெகு நாளாகியிருந்தது. ஜெபம் சொன்னால் தூக்கம் வராது என்பது அவர் நம்பிக்கை. ஐம்பத்து மூன்று தடவை ஒரே மந்திரத்தை ஒரே தொனியில் முணுமுணுத்தால் தொட்டில் குழந்தைகூடத் தூங்கிவிடும் என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஒரு வருஷத்துக்கும் மேலாகச் சரியாகத் தூங்காதவனுக்கு இப்படிப்பட்டதெல்லாம் தோன்றாது.

டிரைவருக்குப் பக்கத்தில், இன்ஜினை மூடியிருந்த தகர மேடைக்கு பானெட் என்று பெயர். அதன்மேல் பழைய சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து வருவான் வேம்புலி. பிரஸ் ஷாப்பில் வேலை, இருபத்தெட்டு வயது. அவனுடைய வாய் வெள்ளானூரில் திறந்தால் எஸ்டேட்டில்தான் மூடும். அவனுக்கு நேர் பின்னால் முதல் சீட்டில் ஜெயகுமாரி. பேக்கிங்கில் வேலை பார்த்தாள். இரண்டு பிள்ளைக்குத் தாய். பஸ்ஸில் இருந்த பெண்களுக்கெல்லாம் அவள்தான் நாட்டாமை.

"டிரைவர் பக்கத்துல ஒரு ஆள் பேசிகினு வரணும். அப்பத்தான் அவருக்குத் தூக்கம் வராது" என்று வேம்புலி தன் ஆசனத்துக்கு நியாயம் சொல்வான்.

"நீ பேசறத கேட்டா எங்களுக்குத் தலவலி வருது. அதுக்கு இன்னா சொல்ற?" என்பாள் ஜெயகுமாரி.

ஆக, இக்னேஷியஸின் வாயில் ஜெபம் இருந்தது, காதில் வேம்புலி இருந்தான், மனசில் தெரசாவின் முதுகு இருந்தது. மிச்சம் இருந்தது ரோட்டுக்கு.

தனக்கு என்ன நடக்கிறது என்று அவருக்குக் கொஞ்சம் தெரியும். வெள்ளானூரில் கியர் போட்டது ஞாபகம் இருக்கும், ஏரிக்கரை ஞாபகம் இருக்காது. அதை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் செபாஸ்டியன். இவருக்கு முன்னால் அந்த பஸ்ஸை ஓட்டியவர். கண்ணில் புரை விழுந்ததும் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டு அவரை ராத்திரி கேட்டில் வாச்மேனாக உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும்வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வண்டி ஓட்ட லாயக்கில்லாதவனுக்கு அந்தக் கம்பெனியில் ராத்திரி கேட்தான் என்று இக்னேஷியஸ் முடிவு செய்துவிட்டார். ராத்திரி கேட் என்றால் தெரசாவைப் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் நாலுக்கும் திருப்புவது யார்? டிரைவர் வேலை போனால் புண் வரும். இவ்வளவுதான் அவர் கணக்கு. அதனால் வாயை மூடிக்கொண்டு ஓட்டினார்.

1991 ஜூலையில் ஒரு வியாழக்கிழமை. பொழுது விடிந்து ரோடு நன்றாகத் தெரிந்தது. பஸ் ஏரிக்கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. வேம்புலி தன் அக்கா கல்யாணக் கதையை எடுத்துவிட்டிருந்தான். சம்பந்திக்கும் சமையல்காரனுக்கும் நடந்த சண்டை வரை வந்துவிட்டான்.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்று ஜெயகுமாரி பின்னாலிருந்து குறுக்கிட்டாள். "அந்தக் கல்யாணத்துல மொத பந்தியில உக்காந்தவன் கடைசிப் பந்தியிலதான் எழுந்தியாமே? மாப்பிள்ள ஊட்டுக்கே சோறு பத்தலையாமே?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. வேம்புலி பானெட்டில் அப்படியே பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

"யாரு உங்கிட்ட வத்தி வெச்சது? நான் துன்னது ரெண்டே எல. மூணாவதா ஒருத்தன் எல போட்டுட்டான். போட்ட எலைய உட்டுட்டு எழுந்தா மரியாதயா?"

"அடேங்கப்பா, மரியாத தெரிஞ்ச ஆளு!"

அவன் அடுத்த பதிலுக்கு வாயைத் திறந்தபோது பஸ்ஸின் இடது சக்கரங்கள் தாரை விட்டு மண்ணில் இறங்கின. ஏதோ தகரம் நசுங்குகிற சத்தம் கேட்டது. இக்னேஷியஸின் கால் பிரேக்கை மிதித்தது. முன்னால் நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கண்ணாடியில் பச்சைக் கீரை அப்பிக்கொண்டிருந்தது.

வீரராகவன் ரோட்டோரம் சைக்கிளை ஸ்டாண்டு போட்டு, தளர்ந்துபோன கீரைக்கட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவர். சைக்கிள் மடங்கிக் கிடந்தது. அவர் பள்ளத்தில் உட்கார்ந்து இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டிருந்தார். முதலில் குதித்து ஓடியவன் வேம்புலி. ஜெயகுமாரி ஒரு செய்தித்தாளைத் தடியாக மடித்து, மணிக்கட்டுக்கு அடியில் கொடுத்து, தன் டிபன் பைத் துணியால் சுற்றிக் கட்டி, கையைத் தொங்கவிடாமல் மார்போடு சேர்த்து நிறுத்தினாள். கம்பெனியில் முதலுதவி வகுப்பு எடுத்தபோது தூங்காமல் கேட்டிருந்தாள். எலும்பு மணிக்கட்டில் உடைந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. இன்னும் ஓரடி உள்ளே வந்திருந்தால் கட்டுப் போட ஆள் இருந்திருக்கமாட்டார்.

இக்னேஷியஸ் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளத்தில் இருப்பது எல்லம்மாவின் புருஷன் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எல்லம்மா அந்த நேரத்தில் தெரசாவுக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருப்பாள்.

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் கோதண்டம் பத்து மணிக்கு அவரைக் கூப்பிட்டனுப்பினார். கூடவே ஜெயகுமாரியும் இன்னும் நாலு பெண்களும் போனார்கள். வேம்புலி கதவோரம் நின்றான்.

"இன்னாய்யா ஆச்சு? நின்னுகினு இருந்த ஆளப் போய் இடிச்சு வெச்சிருக்க?"

இக்னேஷியஸ் பதில் சொல்வதற்குள் ஜெயகுமாரி முந்திக்கொண்டாள். "அவரு இன்னா சார் பண்ணுவாரு? இவன் தெனமும் காதாண்ட உக்காந்துகினு தொணதொணன்னு உயிர எடுக்கறான். எந்த மனுஷனுக்குத்தான் ரோட்டு மேல கவனம் இருக்கும்?"

"ஆமா சார், வாய மூடவே மாட்டான்" என்றாள் இன்னொருத்தி.

கோதண்டம் இக்னேஷியஸைப் பார்த்தார். "அப்படியா?"

"கவனம் பெசகிப் போச்சு சார்" என்றார் இக்னேஷியஸ். அது பொய் இல்லை. உண்மையும் இல்லை. வேம்புலி அவர் முகத்தையே பார்த்தான். பேசாமல் நிற்கிற வேம்புலியை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

உத்தரவு மத்தியானத்துக்குள் வந்துவிட்டது. பானெட்டில் இனி யாரும் உட்காரக் கூடாது. டிரைவரிடம் யாரும் பேசக் கூடாது. வேம்புலி ஒரு மாதம் கம்பெனி பஸ்ஸில் ஏறக் கூடாது. வெள்ளானூரிலிருந்து எஸ்டேட் வரை அவன் சைக்கிளில்தான் வர வேண்டும். சாயங்காலமே பஸ்ஸுக்குள் 'ஓட்டுநருடன் பேசாதீர்' என்று சிவப்பு பெயிண்டில் எழுதிவிட்டார்கள்.

மறுநாள் எல்லம்மா வரமாட்டாள் என்று இக்னேஷியஸ் நினைத்தார். வந்தாள், அதே ஐந்தேகாலுக்கு. தெரசாவின் தலையை நிமிர்த்தி, பல் தேய்த்துவிட ஆரம்பித்தாள். அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சனிக்கிழமையும் பேசவில்லை. ஞாயிறு அவளுக்கு வேலை இல்லை. ஆனால் பூசை முடிந்து அவர் வீடு திரும்பியபோது வாசலில் நின்றிருந்தாள்.

"எங்க ஊட்டு ஆளு ஒண்ணு சொல்றாரு. சொல்லவா?"

"சொல்லு எல்லம்மா."

"அவரு நிமுந்து பாத்தாராம். நீங்க அவரையே பாத்துகினு வந்தீங்களாம். கண்ணு நல்லா தொறந்துதான் இருந்துச்சாம். பேச்சுல வேடிக்கைல இருக்கறவன் கண்ணு அப்படி இருக்காதாம். எங்க வெள்ள மாடு நின்னுகினே தூங்கும். அதோட கண்ணு மாதிரி இருந்துச்சுன்றாரு."

இக்னேஷியஸ் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "வேற யாரான்டயாவது சொன்னாரா?"

"யாரும் கேக்கல. கேட்டா சொல்லுவாரு." எல்லம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். "நாளைக்குக் கொஞ்சம் லேட்டாத்தான் வருவேன். அவருக்கு ஒத்தக் கையால வேட்டி கட்ட வரல."

உள்ளே கட்டிலில் கிடந்த தெரசா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கால் விழுந்த பிறகு அவள் காது கூர்மையாகிவிட்டது. செய்வதற்கு வேறு வேலை இல்லையே.

"இன்னாங்க, இங்க வாங்க" என்றாள். "ராத்திரிக்கு என்னத் திருப்பாதீங்க. படுத்துத் தூங்குங்க."

"புண்ணு வந்துச்சுன்னா?"

"வரட்டும். பஸ்ல நாப்பது பேரு கீறாங்க."

"புண்ணு வந்தா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியாதா? நாத்தம் பொறுக்காம நீ அழுதது மறந்துபோச்சா?"

"மறக்கல" என்றாள் தெரசா. பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளால் தானாகத் திருப்ப முடிந்தது அந்த ஒன்றுதான். அன்றைக்கும் பத்துக்கு அலாரம் அடித்தது, அவர் எழுந்தார்.

திங்கட்கிழமை பஸ் கோயில் போல அமைதியாக இருந்தது. பெண்கள் சைகையில் பேசிக்கொண்டார்கள். சாக்கு போன பானெட் வெறும் தகரமாக அதிர்ந்தது. இக்னேஷியஸ் ஜெபத்தைத் தொடங்கினார். ஏரிக்கரையில் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை அகல விரித்து ஓட்டினார். முதல் பத்து முடிந்தது. இரண்டாவது பத்தில் ஆறோ ஏழோ.

பெல் சத்தம் விடாமல் கேட்டது. யாரோ கயிற்றைத் தொங்கித் தொங்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பிரேக் போட்டார். திருமுல்லைவாயில் ஸ்டாப்பைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தது. கண்ணாடியில் ஆறு பெண்கள் டிபன் பைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவருவது தெரிந்தது.

"இன்னா டிரைவர் அண்ணே, எங்கள உட்டுட்டுப் போனா கம்பெனில ப்ரைஸ் குடுக்கறாங்களா?" என்று மூச்சு வாங்க ஏறினாள் ஒருத்தி.

"பேசவே கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்கல்ல. 'நிறுத்துங்க'ன்னு எப்படிக் கத்தறது?" என்றாள் உள்ளே கயிற்றை இழுத்தவள். எல்லோரும் சிரித்தார்கள்.

இக்னேஷியஸால் சிரிக்க முடியவில்லை. ஸ்டாப்பை விட்டதுகூடப் பெரிதில்லை. ஆவடி மார்க்கெட் எங்கே போயிற்று? அங்கே மாடு இருக்கும், மீன்கூடை இருக்கும், பால்வண்டி குறுக்கே வரும். அதற்குள் நாற்பது பேரோடு ஒரு பஸ் புகுந்து வெளியே வந்திருக்கிறது. ஓட்டியது யார்? அவர் கைகள் ஓட்டியிருக்கின்றன. அவர் அங்கே இல்லை. மிச்ச தூரத்தை இரண்டாவது கியரிலேயே, ஜெபம் சொல்லாமல் ஓட்டி முடித்தார்.

சாப்பாட்டு வேளையில் பிரஸ் ஷாப்பின் பின்புறம் போனார். வேம்புலி சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தான்.

"வேம்புலி."

"இன்னா அண்ணாத்தே."

"எம்மேல கோவமா கீறியா?"

"எனக்கு இன்னா கோவம்? என் குண்டிதான் கோவமா கீது. உக்காந்து சோறு துன்ன முடியல."

இக்னேஷியஸ் சுவரோரம் குந்தினார். "அது உன் பேச்சால நடக்கல."

"தெரியும்."

"இன்னா தெரியும் உனக்கு?"

வேம்புலி பம்பை விட்டான். "உன் ஒதடு நின்னுபோச்சு. அதான் தெரியும்."

அவருக்குப் புரியவில்லை. அவன் கையைத் துடைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னான்.

"நீ ஜெபம் சொல்றல்ல, அப்ப ஒதடு ஆடிகினே இருக்கும். திடீர்னு நின்னுபோவும். கண்ணு தொறந்துதான் கீது, கை ஸ்டியரிங்லதான் கீது, ஆனா நீ தூங்கிட்ட. மொத வாட்டி பாத்து எனக்குக் குலையே நடுங்கிப்போச்சு. பானெட்ட பட்டுனு ஒரு தட்டு தட்னேன், கெக்கபெக்கன்னு சிரிச்சேன். ஒதடு மறுபடி ஆடிச்சு. அன்னிலேர்ந்து அதான் என் டியூட்டி. வாய் பாட்டுக்குப் பேசும், கண்ணு உன் ஒதட்டு மேலயே இருக்கும்."

"எத்தினி நாளா?"

"பொங்கல்லேர்ந்து. அன்னிக்கி ஜெயா வம்பிழுத்துச்சு. எல கதைக்குப் பதில் சொல்றேன்னு திரும்பிட்டேன். அவ்ளோதான்."

"கோதண்டத்தாண்ட ஏன்டா சொல்லல?"

"சொன்னா உன்ன நைட் கேட்ல கொண்டுபோய் ஒக்கார வெப்பாங்க. அண்ணிய யாரு திருப்புவா?" வேம்புலி சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தான். "இன்னொண்ணு அண்ணாத்தே, எனக்குக் கதையே தீந்துபோச்சு. எங்கக்கா கல்யாணத்தையே ஏழு வாட்டி சொல்லிட்டேன். மூணாவது எல எல்லாம் சும்மா சேத்துகினது."

இக்னேஷியஸ் அவனைப் பார்த்தார். கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டியிருந்தது. ஆறு மாதமாக இந்தப் பையனும் தூங்குகிறவனைக் காவல் காத்திருக்கிறான், இவர் தெரசாவைக் காப்பது போல. நாற்பது பேர் உயிர் ஒருவன் உதட்டில் தொங்கிக்கொண்டிருக்க, இன்னொருவன் அதைக் கண்கொட்டாமல் பார்த்து வந்திருக்கிறான். அவன் ஒரு தடவை தலையைத் திருப்பியதற்கு ஒரு மணிக்கட்டு போயிற்று. அடுத்த தடவை என்ன போகும் என்று இருவருக்குமே தெரியும். வேம்புலி செய்தது நல்லெண்ணம்தான். ஆனால் நோயை மறைக்க உதவுகிற நல்லெண்ணம். அது நோயாளிக்கும் நல்லதில்லை, பக்கத்துக் கட்டிலுக்கும் நல்லதில்லை.

இக்னேஷியஸ் முழங்காலில் கையூன்றி எழுந்தார். சாப்பிடவில்லை. நேராக கோதண்டத்தின் அறைக்குப் போய், பஸ் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இன்னாய்யா இது?"

"நான் தூங்கிட்டேன் சார்."

"எப்ப?"

"வியாழக்கெழம. இன்னிக்கிக் காலைலகூட. கண்ணத் தொறந்துகினே தூங்கறேன். பொங்கல்லேர்ந்து இப்படித்தான். வேம்புலி மேல தப்பு இல்ல. அவன் என்னை முழிக்க வெக்கத்தான் பேசிகினு வந்தான்."

கோதண்டம் நாற்காலியில் சாய்ந்தார். அவர் மகளும் பக்கத்துக் கம்பெனிக்கு இப்படி ஒரு பஸ்ஸில்தான் போய்வந்தாள்.

"ஆறு மாசமா எங்கிட்ட சொல்லாம ஓட்டினு கீற. ஏன்?"

"சொன்னா நைட் கேட்ல போடுவீங்க. செபாஸ்டியன் அண்ணனப் போட்டாப்ல. ராத்திரில என் சம்சாரத்தத் திருப்பிப் போட ஆள் இல்ல சார்."

கோதண்டம் அவரை முறைத்துப் பார்த்தார். "யோவ், செபாஸ்டியனுக்குக் கண்ணுதான் போச்சு. தூக்கம் போவல. ராத்திரி முழுக்க முழிச்சுகினு இரும்பு குச்சியால கேட்டத் தட்டிகினு இருப்பான், எங்க எல்லார் உயிரையும் எடுப்பான். நீ பட்டப்பகல்ல, கண்ணத் தொறந்துகினு, கியர் போட்டுகினே தூங்கற ஆளு. உன்ன நைட் கேட்ல போட எனக்கு இன்னா பைத்தியமா புடிச்சிருக்கு? கேட்டையே கழட்டிகினு போயிடுவானுங்க!"

அவர் சொன்னதில் சிரிப்பு இருந்தது, குரலில் இல்லை. ஆறு மாதம் அவர் பயந்துகொண்டிருந்த இடம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடைத்திருக்காது. ஒரு தடவை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

"இந்தக் கம்பெனில இனிமே ஸ்டியரிங்க நீ தொடக் கூடாது" என்றார் கோதண்டம். "லைசென்ஸ ஊட்ல பொட்டில வையி. ஸ்டோர்ஸ்ல எண்ணிக் குடுக்கற வேல கீது. முதல் ஷிப்ட்தான். டிரைவர் பேட்டா வராது. போ."

இருபத்தொரு வருஷம் வண்டி ஓட்டியவர். சாவியைக் கோதண்டம் இழுப்பறைக்குள் போட்டு மூடினார். வெளியே வந்ததும் கால் தானாக பஸ் நிற்கிற ஷெட்டை நோக்கித் திரும்பியது. நிறுத்தி, ஸ்டோர்ஸ் பக்கம் நடத்தினார்.

சாயங்காலம் பஸ்ஸை எடுக்க லாரிப் பிரிவிலிருந்து சுலைமானை அனுப்பியிருந்தார்கள். குமணன்சாவடிக்காரர், பத்து வருஷம் பெங்களூர் ரோட்டில் லாரி ஓட்டியவர். இக்னேஷியஸ் பின்கதவு வழியாக ஏறினார். செய்தி அதற்குள் பேக்கிங் வரை போய்விட்டிருந்தது. ஜெயகுமாரி எழுந்து அவர் எதிரே வந்து நின்றாள்.

"அப்ப இத்தினி மாசமா எங்கள தூங்கிகினேதான் இட்டுகினு வந்தியா நீ?"

மரியாதை போய்விட்டிருந்தது. அதை அவர் கவனித்தார்.

"ஆமாம்மா."

"எனக்கு ரெண்டு புள்ளைங்க கீது."

"தெரியும்மா."

"தெரியுமாம்! வாயில்லாப் பூச்சி மாதிரி நின்னுகினு இருந்தியே, அந்தப் பையன நான் வாயில வந்தபடி பேசினேனே, அப்பவாவது சொன்னியா?"

அவள் போய்த் தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இரண்டு வாரம் அவர் பக்கம் திரும்பவில்லை. வேம்புலியின் தண்டனையை மறுநாளே ரத்து செய்ய வைத்தவள் அவள்தான். அவனிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை, ஒரு டப்பா நிறைய எலுமிச்சம் சாதம் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒரே எலதான், பாத்துத் துன்னு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை இக்னேஷியஸ் வீரராகவன் வீட்டுக்குப் போய், நடந்ததைச் சொன்னார். "அதான் அன்னிக்கே சொன்னனே, மாட்டுக் கண்ணுன்னு" என்றார் அவர். கை குணமாகிற வரை விடிகாலையில் கீரைக்கட்டைச் சரிசெய்த சைக்கிளில் ஏற்றி, அவர் ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போக வசதியாகக் கட்டிக்கொடுப்பது என்று இக்னேஷியஸ் ஏற்றுக்கொண்டார். அது இன்னொரு வேலை. நாலு மணி அலாரத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் அதையும் செய்தார். மாவுக்கட்டு பிரித்த பிறகும் வீரராகவனுக்கு மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை.

வீட்டில் எதுவும் மாறிவிடவில்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. தெரசாவின் முதுகில் தோல் சுத்தமாக இருந்தது. ஐந்தேகாலுக்கு எல்லம்மா வந்தாள். அவர் காக்கிச் சட்டைக்குப் பதில் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.

பானெட்டில் உட்கார வேம்புலி ஒரு நாள் முயன்று பார்த்தான். சுலைமான் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "பேசணும்னா பின்னால போ நைனா. எனக்கு இன்ஜின் சத்தம் கேக்கணும். அதுதான் எங்கிட்ட பேசும்."

"நீங்க தூங்கிட்டா?" என்றான் வேம்புலி.

"எனக்குத் தூக்கம் வந்தா வண்டிய ஓரம் கட்டிட்டு, எறங்கி மூஞ்சி கழுவுவேன். உங்க ஷிப்ட் லேட்டாவும். அதுக்குத் தயாரா கீறியா?"

"கீறோம்" என்று முதல் சீட்டிலிருந்து ஜெயகுமாரி சொன்னாள்.

ஆகவே வேம்புலி பின்னால் வந்து, நாலாவது வரிசையில் ஜன்னலோரம் இருந்த இக்னேஷியஸின் பக்கத்தில் உட்கார்ந்தான். புதிதாக ஒரு கதை வைத்திருந்தான்; அவன் மச்சான் பட்டாபிராமில் ஆடு வாங்கி ஏமாந்த கதை. முன் சீட்டுப் பெண்கள் இருவர் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். பஸ் நகர்ந்தது. இக்னேஷியஸ் வழக்கம் போல ஜெபத்தை ஆரம்பித்தார். நேர்த்தி நேர்த்திதான். விரல்கள் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்து எண்ணின. சுலைமான் ஏரிக்கரை வளைவில் கொஞ்சம் அகலமாகத் திருப்பினார்; இக்னேஷியஸின் வலது கால் பஸ்ஸின் தரையை ஒரு தடவை அழுத்தியது. பிறகு விட்டுவிட்டது.

இரண்டாவது பத்தில் உதடு நின்றது.

வேம்புலியின் கை பழக்கத்தில் மேலே எழுந்தது, தட்டுவதற்கு. அப்படியே மெதுவாகத் தன் மடியில் வைத்துக்கொண்டான். ஆடு சந்தையில் நின்றுகொண்டிருந்தபோது கதையும் நின்றது.

"அப்பறம்?" என்றாள் முன் சீட்டுக்காரி.

"உஸ்" என்றான் வேம்புலி. "எஸ்டேட்ல எறங்கினதும் சொல்றேன்."